பன்னிரண்டு தறி, பன்னிரண்டு பூஜ்யம்

“இணைப் பேராசிரியர் திரு. க. உமாபதி, தொழில்நிறுவன நிதி திரட்டும் பிரிவின் இயக்குநராக நியமிக்கப்படுகிறார். பெருநிறுவனத் தலைவர்களோடு சரிசமமாக அமர்ந்து பேசும் துணிவும், கேட்போரை இணங்க வைக்கும் நாவன்மையும், பரந்த தொழில்துறைத் தொடர்புகளும் உடையவர்.”

காஞ்சிபுரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் இந்த ஆணை ஒட்டப்பட்டிருந்தது. படித்துத் திகைத்தவர்களில் முதல் ஆள் உமாபதிதான். இதே பெயரில் இன்னொருவர் கல்லூரியில் இருக்கிறாரா என்று அலுவலகத்தில் விசாரிக்க நினைத்தார். விசாரிக்கக் கூச்சமாக இருந்ததால் பதவியை ஏற்றுக்கொண்டார்.

கேட்பது என்பது அவருக்கு வராது. கல்யாணப் பந்தியில் ரச வாளி அவர் இலையைத் தாண்டிப் போனால் போனதுதான். நடத்துநர் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த மீதிச் சில்லறையை வாழ்நாளில் ஒருமுறையும் கேட்டு வாங்கியதில்லை. தொழில்துறைத் தொடர்பு என்று பார்த்தால், ஸ்ரீபெரும்புதூர் போகிற கம்பெனிப் பேருந்துகள் காலையில் அவருடைய ஸ்கூட்டரை உரசிக்கொண்டு போவதைச் சொல்லலாம்.

ஆனாலும் அவரிடம் ஓர் ஆராய்ச்சி இருந்தது. தறிச் சட்டத்தில் பொருத்துகிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று. நெசவாளி அடிக்கும் ஒவ்வொரு அடியையும் எண்ணி அந்த நெசவாளியின் செல்பேசிக்கே அது அனுப்பிவிடும். பட்டுக்கடை முதலாளிகளிடம் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களிடம், உழைத்த நேரத்துக்குச் சான்று எதுவும் இருப்பதில்லை. வங்கியில் போய்க் கடன் கேட்டால் காட்டுவதற்கு விரல் காய்ப்பு மட்டும்தான் உண்டு. பெட்டி அந்தச் சான்றைத் தரும் என்பது உமாபதியின் கணிப்பு. பிள்ளையார்பாளையத்தில் பன்னிரண்டு வீடுகள் அதை மாட்டிக்கொள்ளச் சம்மதித்தன. முதல் வீடு அவருடைய அண்ணன் வீடு. தறியில் உட்காருகிறவள் அண்ணி அம்சவேணி. பெட்டியை மாட்டப் போன அன்று அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“நான் எப்ப எழுந்து போறேன், எப்ப வந்து குந்துறேன்னு இது முதலாளிக்குச் சொல்லுமா தம்பி?”

“சொல்லாது அண்ணி. உங்களுக்கும் எங்க ஆராய்ச்சிக்கும் மட்டுந்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மற்ற பதினொரு வீட்டிலும் அதே கேள்வி, அதே சத்தியம்.

அரசு கொடுத்த ஆராய்ச்சி நிதி அந்த மாதத்தோடு தீர்ந்தது. வேறு நிதி வராவிட்டால் பெட்டிகளைக் கழற்ற வேண்டும். ஆய்வு மாணவி ஜனனியும் கிளம்ப வேண்டும். தாமல் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். பெட்டியை உண்மையில் செய்தவள் அவள்தான். அவளுடைய ஆய்வேடு முடிய இன்னும் ஒரு வருடத் தரவு தேவைப்பட்டது. உமாபதி எழுதிய நிறுவனங்களில் பெரும்பாலானவை பதிலே போடவில்லை. ஒன்று பொங்கல் வாழ்த்து அனுப்பியது. கடைசியில் செல்பேசி உதிரிப்பாகம் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து, சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் மேலாளர் ஷாரோன் போனில் பேசினார். தறி ஓடுவதையும் பெட்டி எண்ணுவதையும் நேரில் பார்த்தபின் முடிவு சொல்வதாகச் சொன்னார்.

“இந்த வியாழக்கிழமை வரலாமா சார், இல்ல அடுத்த வாரமா?”

தேர்ந்தெடுக்கச் சொன்னால் உமாபதிக்கு வியர்க்கும். செல்பேசியில் நாட்காட்டியைப் பார்த்தார். வியாழக்கிழமை காலியாக இருந்தது. வியாழன் என்றார்.

வியாழன் காலை தெருவுக்குள் ஸ்கூட்டரைத் திருப்பியபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. வண்டியை அணைத்த பிறகுதான் விளங்கியது. சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்ததால் அவர் என்றுமே கேட்டிராத சத்தம், இன்று இல்லாமல் போய்க் கேட்டது. வாசல்கள் கழுவி ஈரமாக இருந்தன. ஒரு வாசலிலும் கோலம் இல்லை.

அமாவாசை.

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. பட்டு வாங்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கே இது தெரியும். செல்பேசி நாட்காட்டிக்குத் தெரியாது. அதை நம்பிய நெசவாளி மகனுக்கும் தெரியாமல் போயிற்று.

அம்சவேணி தலைக்குக் குளித்து, கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னாபா, படையலுக்கு இப்பவே வந்துட்ட?”

“அண்ணி, ஒரு அரை மணி நேரம் மட்டும்...”

“இன்னா அரை மணி?”

“தறியில...”

அவர் முடிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள்.

“நல்லா படிச்ச போ! அமாவாசையில தறி ஏறச் சொல்ற மொத ஆளு நீதான்பா. முதலாளிகூடக் கேட்டதில்ல. மாசத்துல இந்த ஒரு நாளுதான் என் முதுகு எனுக்குன்னு இருக்குது. அதயும் உன் கம்பெனிக்குத் தூக்கிக் குடுக்கணுமா?”

அதற்குள் ஜனனி மடிக்கணினியோடு உள்ளே வந்தாள். “சார், கார் சுங்குவார்சத்திரம் தாண்டிடுச்சாம்” என்றவள், துணி போர்த்திய தறியைப் பார்த்து நின்றுவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் திட்டவில்லை. அதுதான் உமாபதியைப் பயமுறுத்தியது.

“பெட்டியைக் கழட்டிக் கையில வெச்சு ஆட்டிக்கினே இருக்கட்டுமா சார்? அடி எது, ஆட்டம் எதுன்னு அதுக்குத் தெரியவா போவுது?”

“தெரியணும்மா. தெரியலன்னா நம்ம ரெண்டாவது கட்டுரை தப்பு.”

“அப்ப போன வாரத் தரவை ஓட விடறேன். இப்ப நடக்கற மாதிரியே வரும். நான் ஒரு வருஷந்தான் சார் கேக்கறேன். இல்லன்னா அதே கம்பெனியில செக்கிங் லைன்ல நிக்கணும்.”

உமாபதி சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லோரும் எப்போதும் எடுத்துக்கொள்வது போல அவளும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். திரையில் பன்னிரண்டு கோடுகள் துள்ளத் தொடங்கின. வாசலில் கார் வந்து நின்றது.

ஷாரோன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நேராகத் திரைக்குப் போனார். துள்ளும் கோடுகளை ரசித்துப் பார்த்தார்.

“இதுல இந்த வீட்டுத் தறி எது?”

“முதல் கோடு மேடம்” என்றாள் ஜனனி, யோசிக்காமல்.

ஷாரோன் திரும்பிப் பார்த்தார். முதல் கோட்டுக்குச் சொந்தமான தறி, போர்த்திய துணியோடு ஆளில்லாமல் நின்றது. கோடு மட்டும் சுறுசுறுப்பாக உழைத்துக்கொண்டிருந்தது.

உமாபதி ஜனனியின் பக்கம் திரும்பினார்.

“ஜனனி, இன்னிக்கு உள்ளதக் காட்டும்மா.”

அவள் அவரை முறைத்துவிட்டு விசையை அழுத்தினாள். கோடுகள் படுத்துக்கொண்டன. பன்னிரண்டு தறி, பன்னிரண்டு பூஜ்யம்.

“இன்னிக்கு அமாவாசைங்க. யாரும் நெய்ய மாட்டாங்க. நாளைத் தப்பாக் குறிச்சது நான். முன்ன ஓடினது போன வாரத்துது. அதுவும் நான் தடுக்காம விட்டதுதான்.”

ஷாரோன் பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

“ஒரு நிமிஷம் சார். அப்ப எந்தத் தறி நிக்குதுன்னு இங்க உக்காந்தே தெரியுது. பட்டுக் கடைக்காரங்க ஆபீஸ்லயிருந்தே பாக்கலாம் இல்ல? யாரு வேலை செய்றாங்க, யாரு செய்யலன்னு? எங்க மேனேஜ்மெண்டுக்கு இது ரொம்பப் புடிக்கும். ஒரு வருஷம் எதுக்கு, மூணு வருஷத்துக்கே வாங்கித் தரேன்.”

ஜனனி உமாபதியைப் பார்த்தாள். சமையற்கட்டில் தாளிக்கிற சத்தம் நின்றது. அம்சவேணி கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள். உமாபதி செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும், மூன்று வருடம் வந்துவிடும். சும்மா இருப்பதில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

“அது முடியாதுங்க” என்றார்.

“எது?”

“முதலாளிங்களுக்குக் காட்டறது. காட்ட மாட்டேன்னு இவங்களுக்குச் சொல்லியிருக்கேன்.”

“எழுத்துலயா?”

“வாயாலதாங்க.”

“வாயால சொன்னது ஒப்பந்தத்தைத் தடுக்காது சார்.”

“என்னைத் தடுக்குதுங்க.”

ஷாரோன் கைப்பையை எடுத்துக்கொண்டு மரியாதையாக வணக்கம் சொன்னார். செருப்பை மாட்டினார். ஜனனி மடிக்கணினியை மூடினாள். கார்க் கதவு திறந்தது. உமாபதி வெறுங்காலோடு ஓடி வந்து அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ஆனா நிதி வேணுங்க.”

“என்ன சார்?”

“ஒரு வருஷத்துக்கு வேணும். நீங்க கேட்டதத் தர முடியாது. ஆனாலும் நிதி வேணும்.”

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்திருந்தது.

“என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்ல சார்.”

“நானும் யார்கிட்டயும் கேட்டதில்லங்க.”

காருக்குள் குனிந்திருந்த ஷாரோன் சிரித்தாரா என்று தெரியவில்லை. “தறி ஓடற நாளாப் பாத்துச் சொல்லுங்க. மேல பேசிப் பாக்கறேன். வரும்னு சொல்லல” என்றார்.

“நாளு நீ சொல்லாதபா” என்றாள் பின்னால் வந்து நின்ற அம்சவேணி. “நான் சொல்றேன்.”

அம்சவேணி குறித்த நாளில் ஷாரோன் மறுபடி வந்து தறி ஓடுவதைப் பார்த்தார். மூன்று வருட நிதி வரவில்லை. ஒரு வருடத்துக்கு வந்தது, முதலாளிகளுக்குக் காட்டும் நிபந்தனை இல்லாமல். ஜனனி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறாள். கல்லூரியின் ஆண்டறிக்கை, இந்த நிதி “இயக்குநரின் நாவன்மையாலும் பரந்த தொழில்துறைத் தொடர்புகளாலும்” கிட்டியது என்கிறது.

உமாபதி செய்தது, அமாவாசையில் நாள் குறித்ததை ஒத்துக்கொண்டு, முதலாளிகளுக்குக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டு, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிதி கேட்டது.