ஐந்தாம் மாடியில் கைப்பிடி அரிசி

தெலுங்குச் சீமையில், குகட்பள்ளியில் மகன் வீடு ஐந்தாம் மாடியில். மதியம் மகனும் மருமகளும் ஆபீஸ் போனபின் வீடே மெல்ல மிதப்பதுபோல இருக்கும். திரைச்சீலை காற்றில் உப்பி அடங்கும். வெயில் தரையில் நகர்ந்து நகர்ந்து என் பாதத்தில் ஏறும். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது. நாற்று நட்டு, களை பறித்து, அறுப்பு முடியும்வரை முதுகு நிமிராதவளுக்கு இது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வயலை நான் தேடவில்லை. சனிக்கிழமையைத்தான் தேடினேன்.

ஊரில் எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்குமுன், அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிப்பானையில் போடுவார்கள். சனிக்கிழமைதோறும் பையோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கிவருவது என் ஊழியம். கல்யாணமாகி வந்த வருஷம் தொடங்கியது. கணவர் இறந்த வாரத்தில்கூட நான் விடவில்லை.

இங்கே ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடப்பவர்களுக்கு மாதாமாதம் சோறு பொங்கலாம் என்று தமிழ்ச்சபைப் பெண்கள் பேசினார்கள்.

“அரிசி எம் பொறுப்பு” என்று எழுந்து சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே!

“உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி சிரமம்?” என்றார்கள். சுருக்கென்றது. இதுவும் இல்லையென்றால் நான் தின்று தூங்கும் கிழவி, வேறென்ன?

அடுத்த சனிக்கிழமை, மகனும் மருமகளும் கடைக்குப் போன நேரம், மஞ்சள் பையோடு கிளம்பினேன். ஒவ்வொரு மணியாக அழுத்தி, தெரிந்த ஒரே தெலுங்குச் சொல்லைச் சொன்னேன்: “பிய்யம்.” ஒரு பிடி அரிசி என்று கையைக் குவித்துக் காட்டினேன். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஒருத்தி என் கன்னத்தைத் தடவினாள். எதிர்வீட்டுக்காரி உட்காரவைத்து உப்புமா கொடுத்தாள். என்ன அன்பான ஜனம் என்று கனவில் நடப்பதுபோலப் படியிறங்கினேன்.

திங்கட்கிழமை மகன் முகம் சிவக்க வந்தான்.

“எம்மா, பெத்த தாய்க்கு நான் சோறு போடலயான்னு லிப்ட்ல வச்சுக் கேக்காங்கம்மா!”

கன்னத்தைத் தடவியதும் உப்புமாவும் ஏனென்று அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் உடம்பு கூசியது. அவன் பையைப் பிடுங்கி பீரோ மேல் எறிந்தான். மானத்தைக் காப்பாற்ற, நான் போன வீட்டுக்கெல்லாம் போய், அரிசி எதற்கென்று சொல்லிவிட்டு வந்தான்.

“இனிமே போகாதம்மா.”

சரி என்றேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமில் அழுதேன்.

மறு சனிக்கிழமை காலை, உப்பி அடங்கும் திரைச்சீலையைப் பார்த்தபடி கிடந்தேன். மணி அடித்தது. மகன் திறந்தான். எதிர்வீட்டுக்காரி, கையில் டம்ளர் நிறைய அரிசி. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், கிண்ணங்களோடு.

“ஏம்மா, ஈ வாரம் ராலேதே?”

இந்த வாரம் ஏன் வரவில்லை என்கிறாள். அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெலுங்கு வேண்டியிருக்கவில்லை. கையை ஊன்றி எழப்போனேன். மகன் என்னைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, பீரோ மேலிருந்த மஞ்சள் பையை எடுத்து உதறி, வாசலில் அதன் வாயை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.