கொசுவலையில் விழுந்த எண்ணெய்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டிய பிறகுதான் என் துணிப்பையை அஸ்தினாபுரத்திலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகத் தைரியமில்லை. ஆபீஸ் விட்டு வரும் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் தாம்பரம் பக்கம் நடந்தேன். வலது கை விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. பின்னால் யாராவது "தம்பி" என்று கூப்பிட்டால் ஓடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பயம் ஒரு பலகையைப் பற்றியது. அஸ்தினாபுரத்தில் நான் வேலைக்கு இருந்த வீட்டுக்கார அண்ணன் கார் ஷெட்டில் கிட்டார் செய்கிறவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் ஸ்டீல் பிளேட் வைத்த பிறகு ஒன்றுகூடச் செய்யவில்லை. கிட்டாரின் மேல்பலகைக்கு உள்பக்கம் பட்டையான மெல்லிய மரச்சட்டங்கள் ஒட்ட வேண்டும். பசை காயும்வரை அவற்றைக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அவர் கையால் சோறு சாப்பிட முடிந்தது, கிளாம்ப் திருக முடியவில்லை.

அதற்குப் போனில் பார்த்து ஒரு வழி பிடித்திருந்தார். பட்டைகளைப் பசை தடவி வைத்து, பலகையை அப்படியே பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, வாயை டேப் ஒட்டி மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட வேண்டும். வெளிக்காற்றே எல்லாப் பக்கமும் சமமாக அழுத்திக்கொள்ளும். உறிஞ்சுவதற்குப் புது பம்ப் வாங்க வேண்டாம், பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போதும்.

அந்தக் கம்ப்ரசரைக் கொண்டுபோனது நான். அப்போது இரும்புலியூரில் ஒரு காயலான் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். "படுக்க வச்சி எத்துகினு போவாத நைனா, ஆயிலு பைப்புல ஏறிக்கும்" என்றார் கடைக்காரர். ஷேர் ஆட்டோவில் ஏறியதும் டிரைவர் அதைக் காலுக்கடியில் படுக்கத் தள்ளிவிட்டார். நான் அதை அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டு நாள் நிக்க வெச்சா இறங்கிடும்ப்பா. நீயும் இரு, எனக்கு ரெண்டு கை வேணும்" என்றார். இருந்தேன்.

நான் ஓடிவந்த அன்று மதியம் பையை மூடி கம்ப்ரசரை ஓட்டினோம். பிளாஸ்டிக் பலகையோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு பட்டையும் தோலுக்கடியில் எலும்பு போல எழுந்து தெரிந்தது. அண்ணன் சிரித்ததை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். "இது ஒட்டிச்சுன்னா நான் மறுபடி கிட்டார் செய்வேன். இல்லேன்னா ஷெட்ட வாடகைக்கு விட்டுடலாம்னு உங்க அக்கா சொல்லிட்டா" என்றார். வெளிநாட்டு ஸ்புரூஸ் மரப் பலகை அவரிடம் அது ஒன்றுதான் மிச்சம்.

அப்போது கரண்ட் போனது.

கம்ப்ரசர் நின்றதும் அதிலிருந்து பைக்குள் போன, கண்ணாடிக் குழாய் மாதிரி தெளிவான பிளாஸ்டிக் டியூபில் ஒரு மஞ்சள் கோடு கிளம்பியது. ஷேர் ஆட்டோவில் பைப்பில் ஏறி, இறங்காமல் தங்கியிருந்த எண்ணெய்தான். காற்றில்லாத பை அதை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் பட்ட மரத்தில் பசையும் நிற்காது, பாலிஷும் ஏறாது. பையின் அருகே டியூபை மடித்து இறுக்கிப் பிடித்தேன். அதற்குள் ஒரு சொட்டு உள்ளே போய்விட்டது. காற்று போக வழி வேண்டுமென்று டியூபின் வாய்க்குக் கீழே ஒரு துண்டு கொசுவலை வைத்திருந்தோம். அதன்மேல் பருப்பு அளவில் விழுந்து பரவியது.

பையின் ஒரு மூலையில் டேப் எழும்பியது. அண்ணன் இடது கட்டைவிரலால் அதை அழுத்திக்கொண்டார். இருவராலும் அசைய முடியவில்லை.

அக்கா, அவர் மனைவி, பள்ளியிலிருந்து வந்து ஷெட்டை எட்டிப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் மாட்டுக்குப் பிரசவம் பாக்கறீங்களா?"

"ஈபிக்குப் போன் பண்ணு."

"பண்ணேன். டிரான்ஸ்பார்மர் வேலையாம். வர்றப்போ வருமாம். தம்பிக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

எனக்கு வேர்த்ததற்குக் காரணம் வேறு. காயலான் கடைக்கு முன் நான் இருந்த கிரானைட் பட்டறையில் ஒரு கல் பலகை விரிசல் விட்டபோது, அதைத் தூக்கியவர்களில் ஊர் பேர் தெரியாதவன் நான் ஒருவன்தான். கதவைச் சாத்திவிட்டு அடித்தார்கள். அடிப்பதற்கு முன்பு அவர்களும் இதே போல அமைதியாகத்தான் நின்றார்கள்.

கரண்ட் வந்தது. கம்ப்ரசர் ஓடியதும் டியூபில் இருந்த எண்ணெய் பின்னால் போனது. கொசுவலையில் விழுந்த சொட்டு மட்டும் போகவில்லை. பசை காய வேண்டும், காலைவரை பையைப் பிரிக்கவும் கூடாது. அண்ணன் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

தாம்பரம் ஸ்டேஷனில் படுத்தேன். காலையில் கோவளம் போய் மீன் பெட்டி தூக்கலாம் என்று யோசனை. ஆனால் துணிப்பையில்தான் மாற்றுத்துணியும் ஆதார் அட்டையும் இருந்தன. ஆள் எழுவதற்குள் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று விடிந்ததும் நடந்தேன்.

ஷெட் கதவு திறந்திருந்தது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் பை பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"டீ இவ்ளோ நேரமா குடிப்பாங்க?" என்றார். பிறகு, "தனியா பிரிக்க பயமா இருந்துதுப்பா. பிடி."

நான் பலகையைப் பிடித்தேன். அவர் இடது கையால் பிளேடு போட்டார். கொசுவலையை உரித்தபோது நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

எண்ணெய் மரத்தில் இறங்கியிருந்தது. ஆனால் ஸ்புரூஸின் ரேகை நேர்க்கோடாக ஓடும். எண்ணெயும் அந்த ரேகையோடேயே நீளமாக ஓடியிருந்தது, குறுக்கே வரவில்லை. டியூபின் வாயை அண்ணன் பலகையின் ஓரத்தில், வெட்டி எறியும் பகுதியில் வைத்திருந்தார். கறை பென்சிலால் வரைந்த கிட்டாரின் இடுப்புக்கு ஒரு விரல் தள்ளி, கோட்டைத் தொடாமல் போயிருந்தது. அவர் ஒவ்வொரு பட்டையின் அடியிலும் மெல்லிய கத்தி முனையை விட்டுப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை, எல்லாம் ஒட்டியிருந்தன. பலகையைத் தன் காதருகில் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பிளேட் வைத்த கையால் தட்டினார். இரண்டு முறையும் கணீரென்று கேட்டது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா டீ கொண்டுவந்து, "இருக்கியா, ஓடிட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

"பின்பலகைக்கும் பட்டை ஒட்டணும். கரண்ட் போனா எண்ணெய் திரும்பாம இருக்க வால்வு ஒண்ணு வாங்கி மாட்டணும். மாட்டினாலும் நான் நம்ப மாட்டேன். நீ டியூப் பக்கத்துல உக்காரு. அதான் வேலை" என்றார் அண்ணன்.

துணிப்பையை ஆணியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். பின்பலகையைப் பைக்குள் வைத்து மூடியதும் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. டியூபில் விரல் வைத்துக்கொண்டு, கரண்ட் போகிறதா என்று ஷெட்டின் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.