மூன்று ஞாயிறு கூப்பிட்ட பெயர்

காலை 7.40, லுசேர்ண். 1996 ஐப்பசி. நான் சமையலறையில் வேலை செய்யும் ஹோட்டலின் வாசலில் ரூத் அம்மா எனக்கு முன்பே வந்து நின்றார். எழுபது வயது அமெரிக்கர், ஓய்வுபெற்ற ஆசிரியை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து கரோலினாவுக்குப் போய் எண்ணூறு ஏக்கருக்கு அதிபதியான யாக்கோப்பின் வழிவந்தவர். மூதாதையின் ஊரைத் தேடுகிறார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. எனக்கு ஆங்கிலமும் அரை, ஜெர்மனும் அரை. இரண்டையும் கூட்டினால் முழு மொழிபெயர்ப்பாளன் என்று முகாமையாளர் என்னை அனுப்பினார். நாலு மணிக்கு வேலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

கூட வேலை செய்யும் அன்ரன் அண்ணை மறித்தார்.

"மேரிக்குப் பதில் போட்டனியோ?"

"போடுறன் அண்ணை."

"மூண்டு கிழமையா இதைத்தானே சொல்லுறாய். மாரிமழை துவங்கினாப் படகு போகக் கடல் விடாது."

மேரி என் மனைவி. மன்னாரில் மகளோடு இருக்கிறாள். அவள் கடிதம் என் சட்டைப்பையில். "சனமெல்லாம் ராமேஸ்வரத்துக்குப் படகேறுது. நாங்களும் ஏறவோ, நீங்கள் கூப்பிடுவியளெண்டு பாத்துக்கொண்டு இருக்கவோ? ஒண்டைச் சொல்லுங்கோ." அகதி விண்ணப்பம் முடிவாகாதவன் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. அதை நான் அவளுக்கு எழுதியதே இல்லை. ஒரு வருஷத்தில் கூப்பிடுகிறேன் என்றே ஆறு வருடமாக எழுதிவந்தேன்.

ரயில் என்ட்லபூக் பள்ளத்தாக்கில் ஏறியது. இரு பக்கமும் புல்வெளி, மணி கட்டிய மாடுகள். ரூத் அம்மா யாக்கோப்பின் நில உறுதிப் பத்திரத்தின் பிரதியை மடியில் விரித்து, யாக்கோப்பின் உழைப்பைப் பாடமாகவே நடத்தினார். கெட்டிக்கார மாணவனாகத் தலையாட்டினேன்.

9.15, லாங்னவ். அங்கிருந்து மஞ்சள் தபால் பஸ், இரண்டு பிராங்க் எண்பது. இறங்கிய ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ரூத் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஊர்த் தேவாலயத்தின் ஏடுகளில் பழைய கையெழுத்தைப் போதகர்தான் வாசித்தார். ஞானஸ்நான ஏட்டில் யாக்கோப் அகப்பட்டதும் ரூத் அம்மாவின் கண் கலங்கியது. "திருமணம் கரோலினாவில்தான்," என்றார் பெருமையாக. அதை நான் ஜெர்மனில் சொன்னதும் போதகர் முகம் மாறியது. எழுந்துபோய் வேறொரு தடித்த புத்தகம் கொண்டுவந்தார். தேவாலய நீதிமன்றப் பதிவேடு. அதில் ஒரு பக்கத்தை வாசித்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று ரூத் அம்மா என்னைக் கேட்டார்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். நானோ பொய்யை எழுதிக்கொண்டே ஆறு வருடம் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டவன். இன்னொன்று சொல்வது எனக்குப் பெரிய காரியமல்ல. ஆனால் அந்தக் கிழவியின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"அவருக்கு இங்கே மனைவி இருந்திருக்கிறாள். அன்னா. இரண்டு பிள்ளைகள். நிலம் கிடைத்ததும் ஒரு வருடத்தில் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். அவள் ஒன்பது வருடம் காத்திருந்து, திருமண விடுதலை கேட்டு மனுக் கொடுத்திருக்கிறாள். மூன்று ஞாயிறு பிரசங்க மேடையிலிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை."

எங்கள் கல்யாணத்துக்கு முன்பும் மூன்று ஞாயிறு பூசையில் பெயர் வாசித்தார்கள். என் பெயரையும் மேரியின் பெயரையும் சேர்த்து.

ரூத் அம்மா நில உறுதியில் ஆண்டைத் தேடி விரல் வைத்தார். "இரண்டாம் வருடமே நிலம் கிடைத்திருக்கிறது. ஒரு கடிதமாவது போட்டாராமா?"

நான் ஜெர்மனில் கேட்டேன். போதகர் இல்லை என்று தலையசைத்தார்.

"கூப்பிட முடியாது என்றாவது எழுதியிருக்கலாம்," என்றார் ரூத் அம்மா. யாக்கோப்பைத்தான் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பும் ரயிலில் அவர் நில உறுதியை வெளியே எடுக்கவில்லை. அவருடைய குறிப்பேட்டில் ஒரு தாள் கேட்டு வாங்கினேன். "மேரி, நான் உனக்குப் பொய் எழுதினனான். என்னாலை கூப்பிட ஏலாது. எப்ப ஏலுமெண்டும் தெரியாது. என்னைப் பாத்துக்கொண்டு இருக்காதை. போறதோ நிக்கிறதோ, உனக்குச் சரியெண்டு படுறதைச் செய்."

3.35, லுசேர்ண். உறையிலிட்டு முத்திரை ஒட்டி, நிலையத்து மஞ்சள் பெட்டிக்குள் போட்டேன். நாலு மணிக்கு அங்கியைக் கட்டும்போது அன்ரன் அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

"போட்டிட்டியோ?"

"ஓம் அண்ணை."

"எப்ப போய்ச் சேரும்?"

தெரியாது. மாரிக்கு முன்னா பின்னா என்றும் தெரியாது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்திருந்தது.