அகப்பையில் அடைத்த கடன்

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். விடியற்காலையில் எங்கள் ஊரில் என் பெண்டாட்டி எருமையை அதட்டினால், இங்கே வெளிநாட்டில் நான் எழுந்து உட்காருகிறேன். "ஏ சனியனே, காலை எடு!" என்று அவள் போடுகிற சத்தம் எருமைக்கா எனக்கா என்று புரியாமல், முதல் மாதம் முழுவதும் நாங்கள் இருவருமே காலை எடுத்துக்கொண்டிருந்தோம். சைகோனுக்குப் போனவர்கள் ஊருக்கு எழுதும்போது கப்பலில் எத்தனை நாள், வாந்தி எத்தனை தடவை என்று எழுதுவார்கள். நான் வந்தது கால்நடையாக, அரை மைல். நடுவில் ஒரு வாய்க்கால், முழங்கால் அளவு தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டியதோடு என் கடற்பயணம் முடிந்தது. ஆனாலும் நாடு வேறுதான். அங்கே இங்கிலீஷ்காரன் ராஜ்யம், கடலூர்க் கோர்ட்டு. இங்கே பாகூர் கொம்யூன், பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். அங்கே பிறந்த வாரண்டு இங்கே செல்லாக்காசு. அந்த ஒரு வசதிக்காகத்தான் இந்த மண்ணை மிதித்தேன். என்னைப் போலவே வந்து, கிருமாம்பாக்கம் கடைத்தெருவில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடக்கிற சகோதரர்கள் இன்னும் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கும், ஊரில் என்னைப் பற்றி நாலு விதமாகப் பேசுகிற உறவுக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கடன் வந்த கதை சின்னது. மகளுக்குக் காது குத்தினேன். காது இரண்டு, செலவு எண்பது ரூபாய். குத்திய ஆசாரிக்கு எட்டணாவும் ஒரு மரக்கால் நெல்லும்தான் கொடுத்தேன். மீதியெல்லாம் கடலூரிலிருந்து வந்த பேண்டு வாத்தியம், அதைக் கேட்க வந்த ஜனங்கள், அவர்கள் தின்ற வடை. மொய் வரும், அதில் அடைத்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டி, நெல் மண்டி வைத்திருக்கும் வையாபுரி முதலாளியிடம் நோட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். மொய் வந்தது: பதினோரு ரூபாயும் ஒரு பித்தளைச் செம்பும். செம்பில் ஓட்டை. வட்டி, வக்கீல் பீசு, கோர்ட்டுச் செலவு எல்லாம் ஏறி எண்பது நூற்றுப்பத்தானது. என்னைப் பிடித்துப்போகக் கோர்ட்டு அமீனா வாரண்டோடு கிளம்பிவிட்டான் என்று சேதி வந்தபோது நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். மூட்டை கட்டிக் கொடுத்த என் பெண்டாட்டி தனம் அழவில்லை. ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"ஓடுறதுன்னா ஓடு. ஆனா கடனை மட்டும் அடைச்சிட்டு வந்து நிக்காத. கையில முப்பது ரூபா வெச்சிகினு வா. இல்லன்னா எருமை தும்முனாக்கூட மறுபடியும் அவன் மண்டி வாசல்லதான் போயி நிப்பே. எனக்குத் தெரியாதா உன்னிய?"

கடன் தீர வேண்டும், அதற்கு மேல் முப்பது ரூபாய் கையில் இருக்க வேண்டும், அப்புறம்தான் வீடு. சைகோன் போனவனுக்குக்கூட இத்தனை கடுமையான கட்டளை இருந்திருக்காது.

எனக்கு வேலை கொடுத்தவர் அந்துவான் ஐயா. கொஞ்சம் கரும்புத் தோட்டமும், வெல்லம் காய்ச்சும் ஒரு ஆலையும் வைத்திருப்பவர். வாரக் கூலி இரண்டு ரூபாய், சாப்பாடு, படுக்க ஒரு குடிசை. புதுச்சேரியைத் தாண்டி எங்கும் போகாதவர் என்றாலும் பிரான்சு தேசத்தைப் பற்றிப் பேசினால் மீசை தானாக முறுக்கிக்கொள்ளும். தோட்டத்தின் தெற்குக் கோடியில் நிற்கும் ஒற்றைப் பனையைக் காட்டி, "அதான்பா எல்லை. அதுக்கு இந்தாண்ட பிராஞ்சு, அந்தாண்ட உங்க நாடு" என்றார். என்னை வெளிதேசத்து விருந்தாளியாகவே நடத்தினார். "உங்க நாட்டுல இந்த வருசம் மழை எப்பிடி?" என்று விசாரிப்பார். தலைக்கு மேல் நின்ற அதே மேகத்தைப் பார்த்து, "உங்களுக்குப் பேஞ்ச மீதி எங்களுக்குத்தானுங்க" என்பேன். ஒரு நாள், "உங்க ராஜா சௌக்கியமா?" என்றார். என்னை ஆளுகிறவர் வையாபுரி முதலாளி ஒருவர்தானே, அவரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "தொப்பை போட்டுட்டாருங்க. வட்டியையும் ஏத்திட்டாரு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஆலைக்கு வந்தவர்களிடமெல்லாம், இங்கிலீஷ் ராஜா வட்டிக்கு விட ஆரம்பித்துவிட்டார், அந்த ராஜ்யம் இனித் தாங்காது என்று அந்துவான் ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. அடைக்கலம் கொடுத்தவரை எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை.

வியாழக்கிழமை தோறும் வையாபுரி முதலாளி குடையோடு பனையடிக்கு வருவார். கூடவே அமீனா, இடுப்பில் வாரண்டு. அவர்கள் பனைக்குத் தெற்கே உட்காருவார்கள், நான் வடக்கே நிற்பேன். வாரம் ஒரு ரூபாய் கட்டுவதாக ஏற்பாடு. இதில் ஒரு அநியாயம் கேளுங்கள். அமீனா வந்து போக ஒவ்வொரு தடவையும் நாலணா பேட்டா. அதை முதலாளி என் கணக்கில்தான் எழுதினார். நான் கொடுக்கிற ரூபாயில் நாலணா, என்னைப் பிடிக்க வருபவனுக்கே கூலி! முதல் வாரம் ரூபாயை நீட்டப் போனவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். கை பனையைத் தாண்டினால் பிடித்துவிடுவானே?

அமீனா வாரண்டைப் பிரித்துப் படித்தான். "வாரண்டுல ஆளைப் பிடின்னுதான் போட்டுருக்கு. கையைப் பத்தி ஒண்ணும் போடல."

"கையைப் புடிச்சா ஆளு கூட வராம எங்கய்யா போவான்?" என்றார் முதலாளி.

"வருவான். அப்புறம் பிராஞ்சுல நின்ன ஆளை இழுத்தேன்னு என் வேலை போவும். நீ சோறு போடுவியா?"

அதற்குப் பிறகு ஆலையிலிருந்து கரும்புப் பாகு கிண்டும் நீளக்காம்பு அகப்பையைக் கொண்டுவந்தேன். ரூபாய் அகப்பையில் போகும், ரசீது அகப்பையில் வரும். பாகு ஒட்டிய ரசீதுகளை எறும்பு படித்துவிடாமல் காப்பது தனி வேலையாயிற்று.

முப்பது ரூபாயைச் சேர்த்தது புளிப் பானையில். வாரம் நாலணா, முடிந்தால் ஐந்தணா, புளிக்கு அடியில் போய்விடும். எடுத்துச் செலவு செய்யலாமா என்று கை அரிக்கும்போதெல்லாம் பானையைத் திறந்தால் புளி வாசனை அடித்து வாயில் நீர் ஊறும். நீர் ஊறியதும் பசிக்கும். சாப்பிடப் போய்விடுவேன். பணத்தைக் காக்க இதைவிட நல்ல பூட்டு நான் கண்டதில்லை. ஆனால் ஒரு வியாழக்கிழமை கூலி வரத் தாமதமாகி, பானையிலிருந்து எடுத்துத் தவணை கட்டினேன். முதலாளி காசைத் தூக்கிப் பார்த்தார். புளியில் ஊறிய வெள்ளி நேற்று அச்சடித்ததுபோல் மின்னியது.

"கோயிந்தா, எங்கியோ பானையில போட்டு வெச்சிகிறடா நீ" என்றார். "கடங்காரனுக்குச் சேமிப்பு இன்னாத்துக்கு? எடுத்துக் கொட்டுடா!"

"சட்டியில இருந்தாத்தான மொதலாளி அகப்பையில வரும்" என்றேன். அகப்பையை நீட்டிக்கொண்டே சொன்னதால் அமீனா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை. உண்மையில் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். கடன் நிற்கும்போது பானையில் பணம் தூங்கலாமா? எனக்கே இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

பதில் எருமையிடமிருந்து வந்தது. அந்த மழைக்காலத்தில் அதற்குக் கோமாரி கண்டு வாயும் குளம்பும் புண்ணாகிவிட்டன. தனம் வாய்க்காலைத் தாண்டி ஓடி வந்தாள். அவள்மேல் வாரண்டு இல்லை, அவள் எந்த ராஜ்யத்திலும் நடக்கலாம். புளிப் பானையைக் கவிழ்த்தோம். மருந்துக்கும், பால் வற்றிய இரண்டு மாதத்துக் குடும்பச் செலவுக்கும் எட்டு ரூபாய் எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் எருமைக்கு நோவு என்று கேள்விப்பட்ட முதலாளி, அந்த வியாழக்கிழமை கூடுதலாக ஒரு புது நோட்டுப் பத்திரமும் பேனாவும் கொண்டுவந்திருந்தார். "கஷ்ட காலம் பாரு, ஒரு இருபது எழுதிக்கட்டுமா?" என்றார், குரலில் தேன் ஒழுக. "வேணாம் மொதலாளி" என்றேன். அந்த இரண்டு சொற்களைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்நாளில் வையாபுரி முதலாளியிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவரும் பாவம், பேனாவை மூடத் தெரியாமல் மூடி, பத்திரத்தைச் சுருட்டிக் குடைக்குள் செருகிக்கொண்டார்.

இப்படியே இரண்டரை வருஷம் ஓடியது. அரை மைல்தானே என்று சிரிக்காதீர்கள். மகளுக்கு முன்பல் விழுந்த அன்று பனையடியில் வந்து நின்று வாயைத் திறந்து காட்டினாள். அந்த ஓட்டையைப் பார்க்க என்னால் முடிந்தது, அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. கடல் கடந்தவனுக்கு ஊர் கண்ணில் படாது, அந்த அளவுக்கு அவன் புண்ணியம் செய்தவன்.

பாக்கி பதினோரு ரூபாய், பானையில் முப்பது ரூபாய் என்று நான் நெருங்கி வந்த சமயம். ஏதோ வாய்க்கால் தூர் வாரும் தகராறில், பாகூர் மேரியிலிருந்து ஒரு அளவைக்காரரும் கடலூரிலிருந்து ஒரு சர்வேயரும் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மேரி என்றால் இங்கே கொம்யூன் ஆபீசு. அன்று வியாழக்கிழமை, பனையடியில் நாங்கள் மூவரும் ஆஜர். சங்கிலி பனையிடம் நிற்கவே இல்லை. என் குடிசையைத் தாண்டிப் போய், ஆலை அடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கோவணம் துவைக்கிற கல்லருகே நின்றது. கல்லைப் புரட்டினார்கள். அடியில் எழுத்து வெட்டியிருந்தது. அதுதான் எல்லைக் கல். பனை வெறும் பனை. அதாவது, இரண்டரை வருஷமாக நான் பகலில் அந்நிய நாட்டில் பாகு கிண்டி, ராத்திரியில் சொந்த நாட்டில் வந்து படுத்திருக்கிறேன். அமீனா எந்த வியாழக்கிழமை வேண்டுமானாலும் நாலு எட்டு எடுத்து வைத்து என்னைப் பிடித்திருக்கலாம். நான் நின்றுகொண்டிருந்ததும் அப்போது இங்கிலீஷ் மண்தான்.

"புடிய்யா அவனை!" என்று முதலாளி கத்தினார். அடுத்த நொடியே அமீனா பக்கம் திரும்பினார். "இரு இரு. அப்ப இத்தினி நாளு இங்கிலீஷ் மண்ணுல நின்னவனைப் புடிக்காம, வாராவாரம் பேட்டா வாங்கிக்கினியா நீ? எடு என் பணத்த!"

அமீனாவின் முகம் வெளுத்துவிட்டது. வாங்கிய பேட்டா முப்பது ரூபாய்க்கு மேல், போதாததற்கு வேலைக்கும் ஆபத்து. "இன்னா பேசுற நீ? பனைதான் எல்லை! என் கண்ணால பாத்துகினு இருக்கேன், இதான் எல்லை!" என்று பனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் யோசித்தேன். கல்தான் எல்லை என்றால் அந்தப் பேட்டாவைத் தள்ளச் சொல்லி வழக்காடலாம், ஆனால் ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு வழக்காட வேண்டும். "ஆமாங்க, பனைதான்" என்றேன். ஓடி வந்த அந்துவான் ஐயாவுக்கோ தோட்டத்தில் பாதி இங்கிலீஷாகிவிட்ட துக்கம். "எவன்டா சொன்னான் கல்லுன்னு? பனைதான்!" என்று உறுமினார். பனையில்லை என்றால் ஆள் ஜெயிலுக்குப் போய், பேட்டா சண்டையில் பதினோரு ரூபாயும் இழுபடும் என்று முதலாளிக்கும் உறைத்தது. "சரி, பனைதான். பாக்கியைக் கட்டு" என்றார். இரண்டு ராஜ்யத்துச் சர்வேயர்களும் தலையில் அடித்துக்கொண்டு சங்கிலியைச் சுருட்டினார்கள். நான் பானையிலிருந்து பதினோரு ரூபாயை எடுத்துவந்து அகப்பையில் போட்டு நீட்டினேன். கையிலேயே கொடுத்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. கிழித்த கடன் நோட்டும் அகப்பையில்தான் வந்தது.

அன்று சாயங்காலமே வாய்க்காலைத் தாண்டினேன். தனம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், மடியை அவிழ்த்து எண்ணினாள், பத்தொன்பது என்றதும் சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். நாலு நாள் வீட்டில் இருந்தேன். அந்த நாலு நாளில் ஒரு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், மைத்துனன் வீட்டுக் காதுகுத்து என்று மூன்று வெற்றிலைபாக்கு வந்துவிட்டன. ஐந்தாம் நாள் காலையில் தனம் என் மூட்டையை மறுபடியும் கட்டினாள்.

"நீ வெளிநாட்டுல இருந்தவரைக்கும் ஒருத்தன் மொய் கேக்கல. 'அவுரு பிராஞ்சுல இருக்காரு'ன்னா கம்முனு பூட்டானுங்க. முப்பதுன்னா முப்பது. போயிட்டு வா."

ஆகவே நான் இப்போது கடன்காரனாக அல்ல, சுயேச்சையாக வெளிநாட்டில் இருக்கிறேன். வியாழக்கிழமை தோறும் வையாபுரி முதலாளி உட்கார்ந்த அதே இடத்தில் தனம் வந்து உட்காருகிறாள், பக்கத்தில் மகள். நான் அகப்பையோடு போகிறேன். போன வாரம் ரூபாயை நீட்டினேன், அகப்பையில் சூடாக ஓர் அடை திரும்பி வந்தது. மகள் கேட்டாள்: "அப்பா, இப்பதான் உன்னை யாரும் புடிக்க மாட்டாங்களே. நீ ஏன் இந்தாண்ட வர மாட்டேங்கிற?"

நியாயம்தானே என்று வலது காலை எடுத்துப் பனைக்கு அந்தப் பக்கம் வைத்தேன். இடது கால் வரவில்லை. சர்வே கணக்குப்படி இரண்டு காலும் நிற்பது ஒரே நாட்டில்தான், ஆனால் இரண்டரை வருஷம் பயந்த காலுக்கு அதை யார் எடுத்துச் சொல்வது? அப்படியே, ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயுமாக நின்று அடையைத் தின்றேன்.

"இன்னும் எவ்ளோ பாக்கி?" என்று கேட்டேன்.

தனம் விரலை மடக்கி எண்ணினாள். "நாலு ரூபா. நான் வந்து போற பேட்டாவோட நாலே கால்."