அரைமணி நேரக் கை

பேராசிரியர் ரூபினி ஜொகூர் பாருவில் மூளை அறுவை மருத்துவர். கை நடுக்கமும் வலிப்பும்தான் அவர் பேட்டை. காஹாங்கில் ஒரு லாரி ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். பள்ளியில் புஷ்பவள்ளி என்ற தோழிக்கு வலிப்பு வரும்போதெல்லாம் யாராவது ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். சாவியால் ஒரு புண்ணாக்கும் ஆகவில்லை என்பதை எட்டு வயதிலேயே கவனித்துவிட்ட பிள்ளை பிறகு சும்மா இருக்குமா? படித்தார், படித்துக்கொண்டே போனார், இப்போது நாற்பத்தொன்பது வயதில் பிறருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். கெட்டிக்காரர்தான். அது அவருக்கே கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மாணவர்கள் யாராவது, "அந்த நோயாளி இப்ப சந்தோஷமா இருக்காரு டாக்டர்" என்று ஆரம்பித்தால் போதும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். "கதை வேணாம். நம்பரைக் காட்டு."

அப்படிப்பட்டவரிடம் வந்து சேர்ந்தார் ரம்ஜான் பீவி. குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக்கடை. அந்த அம்மாள் கல்லாவில் உட்கார்ந்து போடுகிற சத்தத்தில் சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், கணவர் யஹ்யா எல்லாரும் ஒழுங்காக நடப்பார்கள். ஆனால் எதை எடுக்கக் கை நீட்டினாலும் இரண்டு கையும் வெடவெடவென்று ஆடும். எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை.

ரூபினி தம் படிவத்தை எடுத்துக்கொண்டார். சாப்பிட, குடிக்க, எழுத, பொத்தான் போட, சமைக்க என்று வரிசையாகக் கட்டங்கள். "எதுக்கும்மா முக்கியமா கை நல்லாகணும்?"

"ஒரு வேலை இருக்கு டாக்டர்."

கடைக்காரம்மாவுக்கு வேறென்ன வேலை என்று ரூபினி 'சமைக்க' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள், நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சிறிய மின்கருவி. மின்சாரத்தை அளவாக ஏற்றியதும் நடுக்கம் நின்றது. எண்பத்தைந்து சதவீதம் குறைவு. ரம்ஜான் பீவி ஒரு கிளாஸ் தேநீரை இன்னொரு கிளாஸுக்குச் சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவதைப் படம் பிடித்தார்கள். கோலாலம்பூர் மாநாட்டில் முதலில் காட்டப்போவது இதைத்தான் என்று ரூபினி அன்றே முடிவு செய்தார்.

மூன்று மாதம் கழித்துக் கணவனும் மனைவியும் வந்தார்கள். கை ஆடாமல் கல்லாக நின்றது. பேச்சுதான் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறியது. வாடிக்கையாளர் இரண்டு பேர் சிரித்த நாளிலிருந்து ரம்ஜான் பீவி வாயையே திறப்பதில்லை.

"மூணு மாசமா என்னை ஏசவே இல்ல டாக்டர்," என்றார் யஹ்யா. "வீடு வீடாவே இல்ல. கரண்ட்டக் கொஞ்சம் கொறைச்சு விடுங்க லா."

"கொறைச்சா நடுக்கம் திரும்பி வந்துடும் பாய்."

ரூபினி ஒன்றரை மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். கை வந்தால் குரல் போயிற்று, குரல் வந்தால் கை போயிற்று. ரம்ஜான் பீவி பேனாவை வாங்கி, நடுங்காத கையால் முத்து முத்தாக எழுதினார்: குரல் வேணும். கையும் கொஞ்சம் வேணும்.

பேராசிரியருக்கு மனசு வலித்தது. தம்முடைய மிகச் சிறந்த வேலையைத் தாமே கெடுக்கச் சொல்கிறார்களே! ஆனாலும் கருவியின் ரிமோட்டில் இரண்டு நிலைகளை வைத்துக் கொடுத்தார். ஒன்று கைக்கு, மற்றது குரலுக்கு. வேண்டியபோது பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

ஆறு மாதம் கழித்துக் கருவியில் பதிவானதைப் பார்த்தார். குரல் தொண்ணூற்றெட்டு சதவீதம். கை இரண்டு சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு அரைமணி நேரம். கண்ணாடி கழன்றது.

"இவ்வளவு பெரிய ஆப்பரேஷன் பண்ணி அரைமணி நேரந்தானாம்மா? அதுல அப்படி என்னதான் செய்றீங்க?"

ரம்ஜான் பீவியின் குரல் பழையபடி வெளி நாற்காலிகள்வரை கேட்டது. மடியில் இருந்த பை நடுங்கும் கைகளோடு சேர்ந்து ஆடியது.

"காலைல அஞ்சரைக்கு இவருக்கு இன்சுலின் ஊசி போடணும் டாக்டர். இவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு, ஊசில இருக்கிற அளவுக் கோடு தெரியாது. நாந்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். என் கை ஆட ஆரம்பிச்சதும் கிளினிக்குக்குப் போறேன்னு சொல்லிட்டுப் பாதி நாள் போகாம ஏமாத்துவாரு. போன வருஷம் ரெண்டு விரலை எடுத்துட்டாங்க."

யஹ்யா செருப்புக்குள் இருந்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சமையல்?" என்றார் ரூபினி.

"அதுக்கு ஆளு இருக்கு. வேலை வாங்க வாய் போதும்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"உங்க தாள்ல எல்லாம் என் கை எனக்கு என்ன செய்யணும்னுதானே கேட்டிருந்துச்சு."

யஹ்யா மெல்லச் சொன்னார்: "ஊசி வலிக்கிறதே இல்ல டாக்டர். அது முடிஞ்சு பொத்தானை மாத்தினதும் ஏச ஆரம்பிப்பா பாருங்க."

அவர்கள் போனபின் ரூபினி பழைய படிவத்தைத் தேடி எடுத்தார். 'சமைக்க' என்ற கட்டத்தில் அவர் கையால் போட்ட டிக் அப்படியே இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மதிய வகுப்பில் பலகையில் 'இரண்டு சதவீதம்' என்று எழுதினார். நல்ல நம்பரா, மோசமான நம்பரா என்று மாணவர்களைக் கேட்டார். மோசம் என்றார்கள் அத்தனை பேரும். அவர் கண்ணாடியைக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கதை சொல்ல ஆரம்பித்தார்.