மணிச்சத்தம் போன கல்

சீனாவின் லிங்பியில் அலங்காரக் கல்லுக்கு மரப்பீடம் செதுக்குகிறவர்களில் மியாவ் சுய்லியனுக்குத் தனிப் பெயர். கல்லின் அடி எத்தனை கோணலாக இருந்தாலும் அதை அறுக்க மாட்டாள். மரத்தைத்தான் கல்லுக்கு வளைந்து கொடுக்க வைப்பாள். அடியை அறுத்த கல்லோடு யாராவது வந்தால், "இதுக்குப் பீடம் எதுக்கு? அம்மிக்குப் பக்கத்துல போட்டுக்குங்க" என்று விரட்டிவிடுவாள். அவ்வளவு வாய்.

பக்கத்து வீட்டு கெ யுன்தியன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கோதுமை வயலில் தானே தோண்டியெடுத்த கறுப்புக் கல்லை அவளிடம்தான் ஒப்படைத்தார். தட்டினால் மணி போல ஒலிக்கும் கல். காலையில் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டால்தான் அவருக்குக் கஞ்சி இறங்கும்.

பீடத்தில் பதினேழாவது முறை பொருத்திப் பார்த்தபோது கல் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அடியில் கால் போல நீட்டியிருந்த முனை உடைந்தது. கை தவறுவது யாருக்கும் நடப்பதுதான், சொல்லியிருக்கலாம். ஊரையே வாயால் அளந்தவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. கல்தூளைப் பசையில் குழைத்து ஒட்டினாள். ஒட்டு தெரியாதபடி பீடத்தின் குழியை ஆழமாக்கினாள்.

"பீடம் புதுசுண்ணே. ஒரு மாசம் கல்லைத் தட்டாதீங்க."

"நீ சொன்னா சரிதான் தங்கச்சி."

அந்த மாசத்துக்குள்ளேயே ஊர்க் கல் கண்காட்சி வந்தது; கெ தன் கல்லைப் பீடத்தோடு கொண்டுபோய் வைத்தார். நடுவர் மரச்சுத்தியால் தட்ட, கல் 'டொக்' என்றது. தூக்கிப் பார்த்தார்.

"ஒட்டுக்கல்லு! யாரை ஏமாத்தப் பாக்குறீங்க?"

கூட்டம் சிரித்தது. கெ முதலில் பீடத்தின் குழியைப் பார்த்தார். பிறகு சுய்லியனைப் பார்த்தார். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் கீழே போட்டேன், நான்தான் ஒட்டினேன்" என்றார் கெ. "பீடம் செஞ்சவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

இனி அவர் கல் இந்தக் கண்காட்சிக்கு வரக்கூடாது என்றுவிட்டார்கள். சுய்லியனுக்கோ வேலை குவிந்தது. யாராவது அவள் நேர்மையைப் புகழ்ந்தால் உடம்பு கூசியது. அவர் வாசலைக் கடக்க முகமில்லாமல் பின்சந்து வழியாகச் சந்தைக்குப் போய்வந்தாள்.

வசந்தத்தில் அவரே வந்தார், இன்னொரு கல்லோடு.

"அண்ணே, அன்னைக்கு நான்..."

"இதுக்கும் நீதான் பீடம் செய்யணும்" என்று கல்லை மெல்ல மேசைமேல் வைத்தார். "குழி மட்டும் ஆழமா வேண்டாம்."