என் மகளின் இரட்டைச் சடை

என் மகளுக்கு மூளையின் வலப்பாதியையும் இடப்பாதியையும் இணைக்கும் நரம்புக் கட்டு பிறவியிலேயே இல்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் சந்தேகப்பட்டார்கள். பிறந்த பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. அதை உறுதி செய்தது.

"இதோட வேற குறைகளும் சேர்ந்து வரலாம்மா. இருதயம், கிட்னி, கண்ணு எல்லாத்தையும் பார்த்துடுவோம்" என்றார் டாக்டர். கிட்னி நன்றாக இருந்தது. இருதயத்தில் இருந்த சிறு ஓட்டை நாளடைவில் தானாக மூடிக்கொண்டது. மாறுகண்ணுக்கு மட்டும் பிற்பாடு ஆபரேஷன் செய்தோம்.

எம்.ஆர்.ஐ. முடிவு தெரிந்த அன்று கவரைப்பேட்டைக்கு ரயிலில் திரும்பினோம். வெல்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "மேம்பாலம் இல்லன்னா இன்னா? சர்வீஸ் ரோட்டுல சுத்திக்கினு போவா. லேட்டாவும், அவ்ளோதான்" என்றார்.

லேட்டாகத்தான் ஆனது. மூன்று வயதில் நடந்தாள். இன்றும் யாராவது கிண்டல் செய்தால் நிஜமென்று நம்பிவிடுவாள். இரண்டு கைகளும் சேர்ந்து செய்யவேண்டிய வேலைதான் பெரும்பாடு. சட்டைப் பொத்தான் போடப் பழகவே வருடக்கணக்கானது.

ஆறாம் வகுப்பில் இரட்டைச் சடை கட்டாயம் என்றார்கள். எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் அவள் எழுவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். அவளுடைய நைனா போட்டுவிடும் சடை பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அவிழ்ந்துவிடும்.

"பாப் கட் பண்ணிடலாம்டி" என்றேன்.

"வேணாம். முடி என்து. நானே போட்டுக்கறேன்."

என் வீட்டுக்காரர் மூன்று நிறத்தில் நைலான் கயிறு வாங்கி வந்து ஜன்னல் கம்பியில் கட்டிக் கொடுத்தார். இடது கை இழுத்தால் வலது கை பிடியை விட்டுவிடும். பள்ளிக்கு வரும் ஸ்பெஷல் டீச்சர், "வாயால சொல்லிக்கினே செய், கண்ணு" என்று வழிசொன்னார். அதிலிருந்து சாயங்காலமானால் எங்கள் வீட்டில் ஒரே பாட்டுதான்: "செவப்பு மேல, பச்ச மேல, மஞ்ச மேல." பக்கத்து வீட்டுக்காரிக்கே மனப்பாடமாகிவிட்டது.

கயிற்றில் பின்னல் வந்தது, முடியில் வரவில்லை. முடியில் நிறம் ஏது? சீப்பை விட்டெறிந்து அழுவாள். மறுநாள் அவளே தேடி எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். முடியைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக் கண்ணால் பார்த்துக்கொண்டே பின்னலாம் என்பதை அவளேதான் கண்டுபிடித்தாள்.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து நேராகப் பள்ளி வாசலுக்குப் போனேன். ஒரு சடை தடிமன், இன்னொன்று எலி வால். இரண்டும் அவிழவில்லை.

"நைனா போட்டாரா?"

"நான்" என்றாள்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "இன்னாமா, சடை கோணலா கீது?" என்றார்.

"அவளே போட்டுக்கினா" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் முன் என்னை உட்காரவைத்துப் பின்னுகிறாள். மண்டையே கழன்றுவிடுகிற மாதிரி இழுக்கிறாள்.

"ஆடாதம்மா!"

ஆடாமல் இருக்கிறேன். அந்தக் கோணல் சடையோடு முன்வரிசையில் போய் உட்காருகிறேன்.